அடால்ப் உர்ட்ஸ்

பாரிஸ் மாநகரில் 1889ஆம் ஆண்டு எழுந்த ஈபெல் கோபுரத்தைக் காணச் செல்வோர் அதன் உயரத்தை அண்ணாந்து நோக்குவரேயன்றி, அதன் முதல் தட்டின் புறத்தே நாற்பக்கமும் பொறிக்கப்பெற்றுள்ள எழுபத்திரண்டு பெயர்களைப் படிப்போர் சிலரே. அவை பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானிகள், கணித வல்லுநர், யந்திர நூலோர் முதலியவர்களின் பெயர்கள். உர்ட்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. நம் கலாசாலைகளில் இரசாயனம் பயிலும் மாணாக்கரும் இப்பெயரை அறிவர். ஆயின் ஒரு மனிதரின் பெயராக அன்று, ஒரு வினையின் பெயராகவே அறிவர். ஆல்கைல் ஹாலைடு இரண்டைச் சோடியம் கொண்டு இணைத்து நீண்ட ஹைட்ரோகார்பன் ஆக்குவது உர்ட்ஸ் வினை என்று எழுதிப் பரீட்சையில் மதிப்பெண் பெற்றபின், அவரை மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். அவ்வினையை அவர் 1855இல் வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்ட வேறொரு பொருள், மூன்றே அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு சிறு வளையம், அதனினும் பன்மடங்கு பெரிய வரலாறு உடையது. அவ்வளையத்தின் கதையும் அவருடைய கதையும் பிரிக்கவொண்ணாதவை.

சார்ல்ஸ் அடால்ப் உர்ட்ஸ் 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் அல்சேஸ் மாகாணத்தில் பிறந்தார். ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள வோல்பிஷைம் என்னும் ஊரில் அவர் தந்தையார் லூத்தரன் சபைப் போதகராக இருந்தார். ரைன் நதிக்கரையிலுள்ள அந்நாட்டில் பிரெஞ்சும் ஜெர்மனும் ஒருங்கே வழங்கின. இவ்விரு மொழிப் பயிற்சி பிற்காலத்தில் அவருக்கு எத்துணைப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். ஸ்ட்ராஸ்பர்க் புரொட்டஸ்டண்ட் உயர்தரப் பள்ளியிற் கல்வி முடித்து 1834இல் வெளிவந்தபோது, மைந்தன் தம்மைப் போலவே வேதசாஸ்திரம் பயின்று போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பமாயிருந்தது. மைந்தனோ இரசாயனத்தை விரும்பினான். இரசாயனத்தைத் தொழிலாகக் கொண்டு உயிர் வாழலாம் என்று அந்நாளில் எந்தத் தகப்பன்தான் நம்புவான்? ஈற்றில் இருவரும் வைத்தியப் படிப்பு என்னும் நடுவழியில் உடன்பட்டனர். வேதசாஸ்திரத்திற்கு அடுத்தபடியாக வைத்தியமே தக்கது என்று போதகர் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்த உர்ட்ஸ் அங்கும் இரசாயனத்தையே நாடினார். 1839இல் அக்கலாசாலையின் இரசாயனச் செய்முறைகளுக்குத் தலைவராக அமர்ந்தார். 1842இல் ஜெர்மனியின் கீஸன் நகருக்குச் சென்று, உலகப் புகழ் பெற்ற லீபிக்கிடம் பயின்றார். ஓர் ஆசிரியர், அவரைச் சூழ்ந்து பல நாட்டு மாணாக்கர், ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆராய்ச்சி என்று நடந்த கீஸன் சோதனைச்சாலை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வாழ்நாள் முழுதும் பாரிஸில் அத்தகைய சாலை ஒன்றை அமைக்கவே அவர் முயன்றார் எனலாம். 1843இல் முட்டையின் வெண்கருவில் உள்ள ஆல்புமின், இரத்தத்தில் உறையும் பைப்ரின் ஆகியவற்றைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் சேர்ந்தார்.

அங்கு அந்நாளில் இரசாயனத்தின் முடிசூடா மன்னர் டூமா என்பவர். அவருடைய சோதனைச்சாலையில் இடம் பெற்ற உர்ட்ஸ் 1845இல் அவர்க்கு உதவியாளரானார்; 1849இல் அவருக்குப் பதிலாக வைத்தியக் கலாசாலையில் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். விரிவுரை நிகழ்த்த மண்டபம் இருந்தது; ஆராய்ச்சி செய்யவோ ஓர் அறையும் இல்லை. ஆதலின் 1850இல் கராஞ்சியேர் வீதியில் தாமே ஒரு தனிச் சோதனைச்சாலையைத் திறந்தார். மூன்றாண்டுகளில் அக்கட்டடம் விற்கப்பட்டது, சாலையும் மூடப்பட்டது. அதே 1850இல் வெர்சேல்ஸ் நகரில் புதிதாக நிறுவப்பெற்ற வேளாண்மைக் கலாசாலையில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1852இல் அரசாங்கம் அக்கலாசாலையையே எடுத்துவிட்டது. டூமா விலகியமையாலும் வேறொரு பேராசிரியர் இறந்தமையாலும் வைத்தியக் கலாசாலையில் இரு பதவிகள் ஒருங்கே ஒழிந்தபோதுதான், 1853இல், அவ்விரண்டையும் ஒன்றாக்கி உர்ட்ஸிடம் ஒப்புவித்தனர். அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து. வேலைச் சுமை இருவருடையது. சோதனைச்சாலைக்குரிய வசதியோ ஒருவருக்கும் போதாதது.

இத்துணை இடர்ப்பாடுகளுக்கிடையிலும் 1849இலேயே அவர் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. அம்மோனியாவைப் போலவே நாற்றமும் காரத்தன்மையும் உடைய சில புதிய வாயுக்களை அவர் கண்டார். மூக்குக்கு அவை அம்மோனியாவே; ஆயின் தீக்கொழுந்தைக் காட்டினால் பற்றி எரிந்தன. அம்மோனியா காற்றில் அவ்வாறு எளிதில் எரியாது. அதிலுள்ள ஹைட்ரஜன் அணு ஒன்றின் இடத்தில் கரி பொதிந்த ஒரு கூட்டம் வந்து அமர்ந்துள்ளது என்று உர்ட்ஸ் விளக்கினார். இவையே இன்று நாம் அமீன்கள் என்று அழைப்பவை. ஒரு பொருளின் உள்ளமைப்பு மாறாதிருக்க, அதன் உறுப்பு ஒன்று மட்டும் மாறக்கூடும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இனி அவ்வளையத்தின் பிறப்பைக் கூறுவோம். சாராயத்தின் மூலக்கூறு ஓர் அமிலத்தோடு ஒரு முறையே கூடும். கிளிசரினோ மூன்று முறை கூடும். ஒன்றும் மூன்றும் உண்டாயின் இரண்டு எங்கே என்பது உர்ட்ஸ் எழுப்பிய வினா. இடையில் ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும் என்று அவர் துணிந்தார். கண்ணாற் காணாத ஒன்றை எண்ணிக்கையால் உணர்ந்து, பின் அதனைத் தேடிச் சென்றார். எதிலீன் வாயுவை அயோடினோடு கூட்டி, அவ்வயோடினை வெள்ளி அசிட்டேட்டால் நீக்கி, கிடைத்ததைப் பொட்டாஷால் பிரித்தபோது, இனிப்புச் சுவையுடைய கெட்டித் திரவம் ஒன்று வந்தது. 1856இல் அதனை உலகிற்கு அறிவித்தார். கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது ஆதலின், அதன் பெயரின் முற்பாதியையும் இதன் பெயரின் பிற்பாதியையும் இணைத்துக் கிளைக்கால் என்று பெயரிட்டார். பெயரிலேயே கொள்கையை வைத்துத் தைத்துவிட்ட சாமர்த்தியம் இது.

கிளைக்காலைப் பல வகையாலும் சோதித்த உர்ட்ஸ், அதனோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தார். கிளைக்காலின் இரு கரங்களில் ஒன்றில் குளோரின் ஏறியது. மற்றொன்று பழையபடி நின்றது. இப்பொருளின்மேல் பொட்டாஷ் கரைசலை விட்டபோது, ஒரு கரத்திலிருந்த குளோரினும் மறு கரத்திலிருந்த ஹைட்ரஜனும் சேர்ந்து வெளியேறின. எஞ்சிய பிராணவாயு அணு ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரு கரியணுக்களையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. மூன்று அணுக்கள் முக்கோணமாய் நின்றன. 1859இல் பிறந்த இப்பொருளே எதிலீன் ஆக்ஸைடு. இரண்டு கரி, நான்கு ஹைட்ரஜன், ஒரு பிராணவாயு என்பன இதன் அணுக்கள். அசிட்டால்டிஹைடின் அணுக்களும் அவையே, தொகையும் அதுவே. ஆயினும் இரண்டும் குணத்தால் வேறு. சுமார் 11 டிகிரி வெப்பத்திலேயே இது கொதித்து ஆவியாகும். பாரிஸ் நகரக் குளிர்காலத்தில் இதனைக் குப்பியில் வைத்து ஆராயலாம். நம் நாட்டு மார்கழியிலும் இது திரவமாக நிற்பது அரிது.

உர்ட்ஸ் கண்ட பெரிய அதிசயம் அதன் ஆர்வம். தண்ணீரோடு சேர்த்தால் மீண்டும் கிளைக்காலாகும். அமிலத்தோடு சேர்த்தால் அமிலத்தை விழுங்கும். கிளைக்காலோடு சேர்த்தால் இரட்டைக் கிளைக்காலாகும். அதனோடும் சேர்ந்து மும்மடங்காகும். இவ்வாறு சங்கிலிபோல் நீளும். இச்சங்கிலிகளை நீட்டி ஆராய்ந்தவருள் ஒருவர், உர்ட்ஸின் சாலையிற் பணிபுரிந்த அகஸ்தீன்ஹோ லோரன்ஸோ என்பவர். இவர் கோவா நாட்டு மட்காவ் நகரிற் பிறந்த இந்தியர் என்பதை நம் மாணாக்கர் அறிந்து மகிழ வேண்டும். சங்கிலி நீள நீளத் திரவத்தின் பிசுபிசுப்பும் ஏறுகிறது என்று இவர் கண்டறிந்தது, பாலிமர் என்னும் சொல்லை இன்று அன்றாடம் வழங்கும் துறைக்கு ஒரு முன்னோடிப் பணியாகும். இவர் பின்னர் லிஸ்பன் நகரிற் பேராசிரியரானார்.

இவ்வளவு நுணுக்கமாய் ஆராய்ந்த உர்ட்ஸ் ஓரிடத்தில் வழி தவறினார். மக்னீஷியம் குளோரைடு கரைசலில் எதிலீன் ஆக்ஸைடை இட்டால் மக்னீஷியா வெண்மையாய்ப் படிகிறது. சுண்ணாம்பும் பொட்டாஷும் செய்யும் செயலை இது செய்வதால் இதுவும் ஒரு காரமே என்று அவர் கொண்டார். உண்மை அதுவன்று. இவ்வளையம் கரைசலிலுள்ள சிறிதளவு அமிலத்தைப் பற்றித் தன்னை உடைத்துக்கொள்கிறது. அமிலம் குறைவதால் மக்னீஷியா தானே படிகிறது. எதிலீன் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தும் அயனிகளைத் தருவதில்லை என்று 1896இல் ஜெர்மன் விஞ்ஞானி பிரெடிக் காட்டிய பிறகே அக்கருத்து நீங்கியது. அதன் ஆர்வத்திற்குக் காரணம் காரத்தன்மையன்று, வளைவின் இறுக்கமே. கரியணுவின் கரங்கள் இயல்பாகத் தம்முள் 109 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட கோணத்தில் நிற்க விரும்புவன. முக்கோணத்திலோ அவை 60 டிகிரிக்கு அழுத்தப்படுகின்றன. வளைத்துக் கட்டிய மூங்கில் எப்போது அவிழும் என்று காத்திருப்பதுபோல் அவ்வணுக்கள் காத்திருக்கின்றன. இவ்விறுக்கக் கொள்கையை பேயர் என்பவர் வெளியிட்டது 1885இல்; அப்போது உர்ட்ஸ் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. உர்ட்ஸுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, கிளிசரினை ஆராய்ந்த பெர்த்தெலோ என்பவர் எபிகுளோரோஹைட்ரின் என்னும் பொருளைப் பெற்றிருந்தார். அதனுள்ளும் இதே முக்கோணம் இருக்கிறது. ஆயின் அணுக்களின் அமைப்பைப் பற்றிப் பேசுவதே வீண் கற்பனை என்று எண்ணியவர் பெர்த்தெலோ. கையிலிருந்த முக்கோணம் அவர் கண்ணுக்குப் புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

நிற்க. உர்ட்ஸின் புகழில் ஒரு நிழலும் உண்டு. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. 1856இல் ஆர்ச்சிபால்டு கூப்பர் என்னும் இளைஞர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அவர் சாலையிற் சேர்ந்தார். கரியணுவுக்கு நான்கு கரங்கள் உண்டு, கரியணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துத் தொடர்ந்து நிற்கும் என்று அவ்விளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். அணுக்களுக்கிடையே கோடுகளையும் இட்டுக் காட்டினார். இன்று நாம் கரும்பலகையில் எழுதும் அமைப்பு வாய்பாடுகளின் தொடக்கம் அது. 1858இல் அக்கட்டுரையைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைக்குமாறு ஆசிரியரை வேண்டினார். உர்ட்ஸ் அப்போது அக்கழகத்தில் உறுப்பினரல்லர். உறுப்பினர் ஒருவரைக் கொண்டே அது செய்யவேண்டியிருந்தது. அதில் தாமதம் நேர்ந்தது. அதற்குள் மே மாதத்தில் கெக்குலே என்னும் ஜெர்மன் பேரறிஞரின் கட்டுரை அதே கருத்தோடு வெளிவந்துவிட்டது. ஜூன் 14ஆம் நாள் டூமா கூப்பரின் கட்டுரையைக் கழகத்தின் முன் வைத்தபோது முதன்மை பறிபோயிருந்தது. உள்ளம் கொதித்த இளைஞர் ஆசிரியரைக் கடிந்து பேசினார். ஆசிரியர் அவரைச் சாலையை விட்டு வெளியேற்றினார். கூப்பர் தாயகம் திரும்பினார். சிறிது காலத்தில் மனநோய் அவரைப் பற்றியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் ஆராய்ச்சி ஒன்றும் செய்தாரில்லை. 1892இல் யாரும் அறியாதவராக மறைந்தார்.

உர்ட்ஸ் வேண்டுமென்றே தாமதித்தார் என்று கூறுவதற்கு இடமில்லை. ஆயினும் தன் வாழ்வின் தலைசிறந்த கருத்தை இழந்து நிற்கும் இருபத்தேழு வயது மாணாக்கன் சினந்து பேசினால் அதனைப் பொறுத்துக்கொள்வது ஆசிரியரின் கடமையன்றோ? எத்தனையோ மாணாக்கரைத் தூக்கி நிறுத்திய கை இவ்வொருவரை மட்டும் நழுவ விட்டது. எதிலீன் ஆக்ஸைடை முக்கோணமாக இன்று வரையும்போது, பொருள் ஆசிரியருடையது, கோடுகள் அந்த மாணாக்கருடையவை என்பதை நினைவு கொள்வது நலம்.

கூப்பரின் கொள்கைக்கு உர்ட்ஸ் பகைவரல்லர். அணுக்கள் உண்மையானவை, அவற்றுக்கு இத்துணைக் கரங்கள் என்ற வரையறை உண்டு என்பதே அவரும் வாழ்நாள் முழுதும் போராடி நிறுவ முயன்ற கொள்கை. கிளைக்கால் ஆராய்ச்சி அனைத்தும் அதற்கே சான்றாக அவருக்கு அமைந்தது. பிரெஞ்சு நாட்டிலோ அவருக்கு எதிர்ப்பே மிகுதி. டூமா அணுவை நம்பவில்லை, டேவில் நம்பவில்லை, பெர்த்தெலோ நம்பவே மறுத்தார். நிறையால் அளக்கக்கூடிய சமான எடைகளே போதும், கண்ணாற் காணாத அணு எதற்கு என்பது அவர்கள் கூற்று. பாடசாலைகளிலும் அம்முறையே கற்பிக்கப்பட்டது. ஒரே ஊரிலே ஒரே பொருளுக்கு இரு வாய்பாடுகள் வழங்கின. மாணாக்கர் எந்த ஆசிரியர் பரீட்சிப்பார் என்று கேட்டு அதற்கேற்ப எழுத வேண்டியிருந்தது போலும்!

இக்குழப்பத்தைத் தீர்க்க 1860ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கு மேற்பட்ட இரசாயன அறிஞர் கூடினர். அம்மகாநாட்டைக் கூட்டிய மூவருள் உர்ட்ஸ் ஒருவர். ஏனையோர் கெக்குலேயும் வெல்ட்ஸீனும் ஆவர். ரைன் நதியின் இரு கரை மொழிகளையும் அறிந்த போதகர் மைந்தனுக்கு இப்பணி பொருத்தமே. அங்கு இத்தாலியரான கன்னிஸாரோ அணு எடைகளைத் தெளிவுறக் காட்டியது இரசாயனத்தின் போக்கையே மாற்றிற்று. ஆயினும் பாரிஸ் அசையவில்லை. 1877இலும் குளோரல் ஹைட்ரேட்டின் ஆவியைப் பற்றி விஞ்ஞானக் கழகத்தில் மாதக்கணக்கில் விவாதம் நிகழ்ந்தது. அவ்வாவி ஒரே பொருளாக இருந்தால் அவகாட்ரோவின் விதி பொய்க்கும்; நீராவியும் குளோரலுமாகப் பிரிந்திருந்தால் விதி நிலைக்கும். பிரிந்தே இருக்கிறது என்று உர்ட்ஸ் சோதனை மேல் சோதனையாகக் காட்டினார். உண்மை அவர் பக்கமே இருந்தது, எதிரிகள் இணங்கவில்லை. 1879இல் தம் முடிவுகளைத் திரட்டி அணுக் கொள்கை என்னும் நூலை வெளியிட்டார்.

1866இல் அவர் வைத்தியக் கலாசாலைக்குத் தலைவரானார். அப்பதவியில் அவர் செய்த ஒரு செயல் தனியே குறிப்பிடத்தக்கது. பெண்கள் வைத்தியம் பயில ஐரோப்பாவில் பெரும்பாலான கதவுகள் அடைபட்டிருந்த அக்காலத்தில், உரிய தகுதிப் பட்டம் பெற்றிருந்தால் சேரலாம் என்று அவர் இசைந்தார். இங்கிலாந்தில் இடம் பெறாத எலிஸபெத் காரெட் 1870இல் பாரிஸில் வைத்தியப் பட்டம் பெற்றார். அமெரிக்கரான மேரி புட்னம் 1871இலும், பிரெஞ்சுப் பெண்மணி மடலேன் பிரெ 1875இலும் அதே பட்டத்தை அடைந்தனர். ஜெர்மன் சர்வகலாசாலைகளின் சோதனைச்சாலைகளை நேரிற் கண்டு, பிரெஞ்சு நாடு எவ்வளவு பின்தங்கியுள்ளது என்று அவர் எழுதிய விரிவான அறிக்கை 1870இல் அச்சாயிற்று. அதே ஆண்டு போர் மூண்டது. பிரெஞ்சு நாடு தோற்றது. அவர் பிறந்த அல்சேஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. போருக்கு முன் அவர் பதிப்பிக்கத் தொடங்கிய பெரிய இரசாயன அகராதியின் முன்னுரையில், இரசாயனம் பிரெஞ்சு நாட்டுக்குரிய விஞ்ஞானம், அதனை நிறுவியவர் லவாஸியர் என்ற கருத்தை அவர் எழுதியிருந்தமையால், ஜெர்மன் அறிஞர் சிலர் அவர்மேல் கடுஞ்சினம் கொண்டனர். லீபிக்கின் மாணாக்கர், அகராதி ஆக்கியவர், இரு நாட்டுக்கும் பாலமாக நின்றவர் என்றெல்லாம் பாராட்டப்பட்டவர் இவ்வாறு எழுதியிருக்க வேண்டுவதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பணிகளுக்கிடையிலும் ஆராய்ச்சி நின்றதில்லை. 1867இல் எதிலீன் ஆக்ஸைடையும் ட்ரைமெதில் அமீனையும் சேர்த்து, மூளையிலும் முட்டைக் கருவிலும் தாவர வித்துக்களிலும் உள்ள கோலீன் என்னும் பொருளைக் கண்ணாடிக் குப்பியிலே ஆக்கிக் காட்டினார். அவர் கண்ட வளையம் உயிர்ப்பொருளின் வாயிலைத் தொட்டது அப்போதுதான். 1872இல் ஆல்டால் என்னும் பொருளைக் கண்டார். இசைப்புலவரும் இரசாயனருமான ருசிய நாட்டு போரோடினும் தனியே அதனைக் கண்டவர். 1879இல் பூஷூ என்பவரோடு சேர்ந்து, பப்பாளிக் காயின் பாலிலிருந்து இறைச்சியைக் கரைக்கும் பொருளைப் பிரித்தெடுத்துப் பப்பாயின் என்று பெயரிட்டார். இறைச்சி வேகும் பானையில் பப்பாளிக்காய்த் துண்டு இடும் நம் வீட்டு வழக்கத்திற்கு அறிவியற் காரணம் இதுவே.

அவர் சாலையிற் பயின்றோர் பட்டியல் வியப்புத் தருவது. பிரீடல், கிராப்ட்ஸ் இருவரும் அங்கு ஒன்றுகூடியவர்களே; அவர்கள் பெயரால் வழங்கும் வினையையும் நம் மாணாக்கர் படிக்கின்றனர். 1874இல் ஹாலந்து இளைஞர் வான்ட் ஹாப்பும் அல்சேஸ் இளைஞர் லெபெல்லும் அங்கு ஒரே காலத்திற் பணிபுரிந்தனர். கரியணுவின் நான்கு கரங்களும் நாற்றிசை விரிந்து நிற்பதால் ஒரு மூலக்கூறு வலக்கை இடக்கை போல் இருவகைப்படலாம் என்று அவ்வாண்டே இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். முதல் இரசாயன நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹாப்புக்குக் கிடைத்தது.

இந்த வலமும் இடமும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பழைய முக்கோணத்திலேயே வந்து கூடின. உர்ட்ஸ் வளையத்தைச் சுற்றுவழியாக ஆக்கினார்: முதலிற் குளோரினை ஏற்றி, பின்பு நீக்கி. இரட்டைப் பிணைப்பின்மேல் நேராகவே பிராணவாயுவை ஏற்றும் வழியை 1909இல் ருசிய நாட்டுப் பிரிலெஷாயெவ் கண்டார். பெராக்ஸி அமிலம் ஒன்று தன் பிராணவாயுவை இரட்டைப் பிணைப்புக்கு ஈந்துவிடுகிறது. 1931இல் பிரெஞ்சுக்காரரான லெபோர், வெள்ளியின் முன்னிலையில் எதிலீனும் காற்றிலுள்ள பிராணவாயுவும் நேரே கூடும் என்று காட்டினார். இன்று உலகில் எதிலீன் ஆக்ஸைடு ஆலைகள் இவ்வழியிலேயே நடைபெறுகின்றன. பாலியெஸ்டர் நூலும், மோட்டார் வண்டியின் நீர் உறையாது காக்கும் கிளைக்காலும் அதிலிருந்து வருவன. வெப்பந் தாங்காத வைத்தியக் கருவிகளிலுள்ள கிருமிகளைக் கொல்லவும் அவ்வாயு உதவுகிறது. எதனோடும் ஒட்டும் அதன் குணமே கிருமியைக் கொல்வது. அதே குணத்தால் மனித உடலிலும் புற்றுநோயை விளைக்க வல்லது ஆதலின் பெருங்காவலோடு கையாளப்படுகிறது. 1980இல் அமெரிக்கரான ஷார்ப்லெஸ், ஜப்பானியரான கட்ஸுகி இருவரும் வலக்கை வளையம் வேண்டின் வலக்கையும், இடக்கை வேண்டின் இடக்கையும் வருமாறு பிராணவாயுவை ஏற்றும் முறையைக் கண்டனர். அதன் பொருட்டு 2001இல் ஷார்ப்லெஸ் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மனிதர் இவ்வாறு படிப்படியாகக் கற்ற கலையைத் தாவரங்கள் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. பச்சிலைகளில் பச்சையத்தோடு மஞ்சள் நிறப் பொருள்களும் உண்டு. வயோலசாந்தின் என்னும் மஞ்சள் நிறப் பொருளில் இரு முனைகளிலும் இவ்வகை முக்கோணம் ஒவ்வொன்று இருக்கிறது. உச்சி வெயிலில், இலை தன்னால் பயன்படுத்த இயலாத அளவு ஒளியை ஏற்கும்போது, அவ்விரு பிராணவாயு அணுக்களும் நீங்க, அப்பொருள் ஸியசாந்தின் ஆகிறது. மிகுதியான ஒளியின் சக்தி வெப்பமாகக் கழிகிறது. இலை கருகாது பிழைக்கிறது. ஒளி குறைந்ததும் இலையிலுள்ள என்ஸைம் ஒன்று காற்றின் பிராணவாயுவை வாங்கி மீண்டும் முக்கோணங்களைக் கட்டுகிறது. இச்சுழற்சியின் படிகளை 1962இல் யமமோட்டோவும் அவர் துணைவரும் வெளியிட்டனர். இம்முக்கோணம் உடைய மஞ்சட்பொருள்களை வெட்டித்தான், வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்ஸிஸிக் அமிலத்தைச் செடி ஆக்குகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் காட்டுச்சீரகத்தின் விதை எண்ணெயிலும் முக்கோணம் உண்டு. அவ்வெண்ணெயிலுள்ள வெர்னோலிக் அமிலத்தின் அமைப்பை 1954இல் கன்ஸ்டன் என்பவர் தெளிவாக்கினார். உர்ட்ஸ் குப்பியில் கண்டது வயலிலும் காட்டிலும் தினந்தோறும் கட்டப்பட்டும் உடைக்கப்பட்டும் வந்திருக்கிறது.

1867இல் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரான உர்ட்ஸ் 1881இல் அதன் தலைவரானார். அதே ஆண்டு ஆயுட்கால செனட்டராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இதற்கு முன்னர் 1875இல் வைத்தியக் கலாசாலைத் தலைமையைத் துறந்து, ஸார்போன் சர்வகலாசாலையில் அவர் வேண்டுகோளால் புதிதாக ஏற்பட்ட அங்கக இரசாயனப் பதவியை ஏற்றிருந்தார். அங்கும் பதவி முன்னே வந்தது. தக்க சோதனைச்சாலை வரவில்லை. அதிகாரிகளை அவர் ஓயாது வேண்டிக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிஸில் அவர் உயிர் நீத்தார். உடல் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பதவியில் மாணாக்கர் பிரீடல் அமர்ந்தார். அணுவை ஏற்காத பெர்த்தெலோ 1886இல் கல்வி மந்திரியானார்; பிரெஞ்சுப் பாடசாலைகளில் சமான எடை வாய்பாடுகள் மேலும் சில ஆண்டுகள் நிலைத்தன. உர்ட்ஸ் கேட்டுக்கொண்டிருந்த புதிய சோதனைச்சாலைகளோடு ஸார்போன் கட்டடம் 1894இல் முற்றுப்பெற்றது.